ஸ்னோமொபைலுக்கு ஸ்கீயும் ரன்னரும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் ஒன்டாரியோவின் ஸ்னோமொபைல் பாதைகள் திறந்தவுடன் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஹாலிபர்ட்டன் பக்கம் ஒரு சனிக்கிழமை ஓட்டிவிட்டு வந்தவர்கள், "எந்த ஸ்கீ வாங்கலாம்?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் கேட்ட அதே கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. ரசீதை வைத்துக்கொள்வது, வண்டியின் மாடலைச் சரியாகச் சொல்லி வாங்குவது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஸ்கீ என்பது வண்டியின் முன்னால், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் கெட்டியான பாலிஎத்திலீன் பலகை. அதன் அடியில் நீளவாக்கில் ஒரு முகடு இருக்கும், அதுதான் கீல். கீலின் அடியில் போல்ட் போட்டுப் பொருத்தும் இரும்புக் கம்பி ரன்னர். அந்த ரன்னரில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைட் துண்டுதான் பனிக்கட்டியைக் கடிக்கிறது. அழுத்திச் சமன் செய்த பாதையில் வண்டியைத் திருப்புவது பெரும்பாலும் கார்பைட். இடுப்பளவு பவுடரில், அதாவது அழுத்தாத உதிரிப் புதுப்பனியில், கார்பைட்டுக்கு வேலையே இல்லை. அங்கே ஸ்கீயின் அகலமும் கீலின் ஆழமும்தான் திருப்பும். இது மனதில் நின்றால் கீழே வரும் தவறுகளில் பாதி நடக்காது.

வண்டி அலைகிறது என்றதும் புது ஸ்கீ வாங்குவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பணமும் போகிறது, பிரச்சினையும் தீர்வதில்லை.

பாதையில் உங்களுக்கு முன்னால் போன வண்டிகளின் ரன்னர்கள் பனியில் கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கும். உங்கள் ஸ்கீ அந்தக் கோட்டில் விழுந்ததும் அது போகும் பக்கமே போகப் பார்க்கும். வண்டி இடமும் வலமுமாக வெடுக் வெடுக்கென்று இழுக்கும். இதைத்தான் டார்ட்டிங் என்கிறார்கள். ஒன்டாரியோ பாதைகளில் சட்டப்படி மணிக்கு 50 கிலோமீட்டர்தான். அந்த வேகத்திலேயே எதிரில் ஒரு வண்டி வரும்போது இப்படி இழுத்தால் அது பெரிய ஆபத்து.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பிராம்ப்டனில் இருக்கிறார். "அண்ணா, வண்டி நேரா போகவே மாட்டேங்குது, கை வலி உயிர் போகுது" என்று சொன்னார். நான் போய்ப் பார்ப்பதற்குள் ஒரு கடையில் புது ஸ்கீ ஜோடி, அதோடு விலை கூடின இரட்டை ரன்னர், பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்து வாங்கி மாட்டிவிட்டார். அடுத்த வாரமும் வண்டி அதேபோல் அலைந்தது. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு ஸ்கீயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஹாண்டில்பாரின் திருப்பத்தை ஸ்கீக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராட். ஒரு பக்க டை ராடின் முனையில் நல்ல ஆட்டம். முந்தின சொந்தக்காரர் எதிலோ மோதியிருக்க வேண்டும், கம்பியும் லேசாக வளைந்திருந்தது. இரண்டு ஸ்கீயும் முனையில் ஒன்றையொன்று பார்த்து உள்பக்கம் திரும்பியிருந்தன. டை ராடை மாற்றி அலைன்மென்ட் பார்த்ததும் வண்டி நேராகப் போனது. அந்த வேலைக்கான செலவு ஸ்கீக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு. வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே ஸ்கீயை விற்ற கடைக்காரர் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதனால் பர்சை எடுப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, ஒவ்வொரு ஸ்கீயையும் மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுங்கள். பால் ஜாயின்ட், டை ராட் முனை, ஸ்கீ போல்ட்டின் புஷ், எதில் ஆட்டம் இருந்தாலும் அதுதான் முதல் சந்தேகம். அப்புறம் ரன்னரைத் தலைகீழாகப் பாருங்கள். கல்லில் அடிபட்டு வளைந்த ரன்னர் ஒன்று போதும், எவ்வளவு நல்ல ஸ்கீயும் ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது அலைன்மென்ட். வண்டியைத் தரையில் இறக்கி, ஹாண்டில்பாரை நேராக வைத்து, இரண்டு ஸ்கீ முனைகளையும் ஒரு எலாஸ்டிக் கயிறால் இழுத்துக் கட்டுங்கள். மிச்சமிருக்கும் தளர்ச்சி அதில் போய்விடும். பிறகு டிராக்கின் (பின்னால் சுழன்று வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையின்) பக்கவாட்டில் நேரான நீளச் சட்டம் ஒன்றை ஒட்டி வைத்து, ஸ்கீ போல்ட்டுக்கு முன்னால் ஒரு இடத்திலும் அதே தூரம் பின்னால் ஒரு இடத்திலும், சட்டத்திலிருந்து ரன்னர் வரை அளக்க வேண்டும். பிளாஸ்டிக் ஓரத்துக்கு அளக்காதீர்கள், அது வளைந்து கொடுக்கும். இரண்டு ஸ்கீயும் சேர்ந்து முன்பக்கத்தில் 1/8 முதல் 1/4 அங்குலம் வரை வெளிப்பக்கம் விரிந்திருப்பதுதான் வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். முனைகள் உள்பக்கம் திரும்பியிருந்தால் இரண்டு ஸ்கீயும் நடுவை நோக்கிப் போட்டி போடும். எந்த ஸ்கீயில் ஒரு நொடி எடை கூடுகிறதோ அது ஜெயித்து வண்டியை இழுக்கும்.

கடைசியாக ரப்பர். ஸ்கீக்கும் அதை வண்டியோடு இணைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். சின்ன சாமான்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஸ்கீயின் முனை எவ்வளவு அழுத்தமாகத் தரையில் படுகிறது என்பதை முடிவு செய்வது அதுதான். முன்பக்கம் தூக்கியிருக்கும்போது ஸ்கீ முனை சற்று மேல்நோக்கி நிற்க வேண்டும். கையால் கீழே அழுத்தினால் திரும்பி வர வேண்டும். தொங்கிப்போய்க் கிடந்தால் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். புது ரப்பர் போட்டும் இழுத்தால், ரப்பரின் பின்பாதிக்கும் ஸ்கீக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அழுத்தம் ரன்னரின் பின்பக்கம் நகரும், முனை கோடுகளைத் தேடிப் போவது குறையும். வீட்டிலேயே செய்யலாம்.

இத்தனையும் சரியாக இருந்து, அப்போதும் வண்டி அலைந்தால், சரி, இரட்டை ரன்னருக்கு நியாயம் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்பைட் வரிசை ஓடுவதால் ஒற்றைக் கோட்டில் ஸ்கீ விழாது. பதிலுக்கு, சில வண்டிகளில் ஹாண்டில்பார் கொஞ்சம் கனமாகும்.

முன்பக்கத்துக்கு மட்டும் கூரான கார்பைட் போடுவது

வளைவில் ஸ்கீ திரும்பாமல் நேராக வழுக்கிப் போனால், நீளமான கார்பைட் வாங்கிப் போடத் தோன்றும். போட்டதும் முன்பக்கம் இரும்பாகப் பிடிக்கும். பின்னால் டிராக்கில் ஸ்டட் என்ற உலோக முட்கள் இல்லையென்றால், பனிக்கட்டி வளைவில் பின்பக்கம் சுழன்று வெளியே வரும். இதற்கு எதிரான தவறும் உண்டு. டிராக் முழுக்க ஸ்டட் அடித்துவிட்டு ரன்னரை அப்படியே விடுவார்கள். டிராக் வண்டியை முன்னே தள்ளும், ஸ்கீ திரும்ப மறுக்கும்.

ஸ்டட் இல்லாத டிராக்குக்கு 4 அங்குலக் கார்பைட், 96 ஸ்டட் என்றால் 6 அங்குலம், 144 என்றால் அதற்கும் நீளம் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. இங்கிருந்து ஆரம்பித்து, ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். 60 டிகிரி கூர் பனிக்கட்டியை நன்றாகக் கடிக்கும். 90 டிகிரி அவ்வளவு கடிக்காது, ஆனால் நீண்ட நாள் உழைக்கும். கூடவே சஸ்பென்ஷனையும் பாருங்கள். டிராக்கின் முன்பக்கம் இருக்கும் லிமிட்டர் பட்டையைச் சுருக்கினால் ஸ்கீ மேல் எடை கூடும், தளர்த்தினால் குறையும். பல வண்டிகளில் கார்பைட் வாங்காமலே இதில் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

அகல ஸ்கீ மாட்டினால் மலை வண்டி ஆகிவிடும் என்று நம்புவது

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக்கில் இருக்கும் போல்டர் மலையின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒன்டாரியோ பாதை வண்டிக்கு 8 அங்குல ஸ்கீ தேடுபவர்கள் உண்டு. மலை வண்டியின் டிராக் 154, 165 அங்குலம் என்று நீளும், அதன் மேல் பனியைத் தள்ளும் ரப்பர் துடுப்புகள் 2.5 முதல் 3 அங்குலம் உயரம் இருக்கும். இரண்டு ஸ்கீக்கும் நடுவே 36 அங்குலம் போல இருப்பதால்தான் அதைச் சாய்த்து, ஒரு சரிவின் குறுக்கே பிடித்து ஓட்ட முடிகிறது. பாதை வண்டியில் அந்த இடைவெளி 42, 43 அங்குலம். முன்னால் ஸ்கீ மிதந்தாலும், பின்னால் 129 அங்குல டிராக் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதே அகல ஸ்கீ வாரம் முழுக்க ஓட்டும் கடினப் பாதையில் கையை இழுக்கும்.

பாதை அதிகம், எப்போதாவது ஓரத்துப் புதுப்பனி என்றால், 6 அங்குலத்தை ஒட்டிய அகலத்தில் நல்ல ஆழமான கீல் உள்ள ஸ்கீயே போதும். கியூபெக்கின் காஸ்பேசிக்கோ பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கோ வருடத்தில் ஒரு வாரம் போகிறீர்கள் என்றால், அங்கே வாடகைக்கு மலை வண்டி எடுங்கள்.

நிஜமாகவே மலை வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பவுடரில் தேவையில்லை என்று கார்பைட்டே இல்லாத ரன்னர் போடாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பவுடர் வரை ஏறும் வழி அழுத்திச் சமன் செய்த பாதை, மாலையில் இறங்கும்போது அது கல்லாக உறைந்திருக்கும். 4 அங்குலக் கார்பைட் அங்கே உதவும், மேலே பாதகம் எதுவும் செய்யாது.

தேய்ந்த ரன்னரில் இன்னும் ஒரு சீசன் ஓட்டுவது

கார்பைட் மழுங்கியதா என்று பார்க்க, நகத்தை அதன் விளிம்பில் இழுங்கள். கூர் இருந்தால் அது நகத்தைச் சீவும். விளிம்பு உருண்டு பளபளத்தால் வேலை முடிந்தது. இரும்புக் கம்பி பாதி தேய்ந்துவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் போல்ட் பிய்ந்து, கீலே உராய ஆரம்பிக்கும். அப்போது ரன்னரோடு ஸ்கீயையும் வாங்க வேண்டிவரும். டிரெய்லரில் ஏற்றும் இடத்தில் பிளாஸ்டிக் பட்டை போட்டு, தார் சாலையைக் கடக்கும்போது மெதுவாகப் போனால் தேய்மானம் குறையும்.

வேறு கம்பெனி ஸ்கீக்குப் பழைய ரப்பரையே போடுவது

கூடாது. உங்கள் வண்டிக்கான பொருத்தும் கிட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

பழைய நட்டைத் திரும்ப முறுக்குவது

புது லாக் நட் போடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஸ்கிராச்சரை மறப்பது

பனி குறைந்த கடினப் பாதையில் டிராக் ஓடும் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகள் சூடாகி உருகும், இன்ஜினும் சூடாகும். அந்தப் பட்டைகளைத் தாங்கும் சட்டத்தில் மாட்டும் ஸ்கிராச்சர் பனியைச் சுரண்டித் தெறிக்கவிட்டு இரண்டையும் குளிர்விக்கும். ரிவர்ஸ் எடுத்தாலும் வளையாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வகை என்றால் ரிவர்ஸுக்கு முன் மேலே தூக்கி மாட்டிவிடுங்கள்.