கோடை தொடங்கும்போது கழிமுகத்தில் தூண்டில்

முதல் மூன்று கோடைகள் நான் தூண்டில் போட்டதெல்லாம் தப்பான நேரத்தில்தான். விடுமுறை நாளில் எட்டு மணிக்கு எழுந்து, சாவகாசமாகக் கிளம்பி, தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும்போது போய் நிற்பேன். இரையை மாற்றினேன், ராடை மாற்றினேன், புது ரீல்கூட வாங்கினேன். மாற்ற வேண்டியது அலாரத்தை என்று புரிய நாளாயிற்று.

கழிமுகத்தில் மீன் எப்போது இரை எடுக்கும் என்பதை முடிவு செய்வது தண்ணீரின் ஓட்டம். கடல்நீர் ஏறும் ஏற்றத்தின் உச்சிக்கும், இறங்கும் வற்றத்தின் முடிவுக்கும் நடுவே பல கரைகளில் ஏறக்குறைய 6 மணி நேரம். ஆனால் தண்ணீர் அந்த ஆறு மணி நேரமும் ஒரே சீராக நகராது. மொத்த நகர்வைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணியில் 1 பங்கு, அடுத்ததில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் 2, கடைசியில் 1. தோராயக் கணக்குதான், ஆனாலும் பாதித் தண்ணீர் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது என்று தெரிகிறது அல்லவா? நான் போவது அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான். ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பார்த்து, வற்றத்தின் நடுப்பகுதி விடியலோடு சேரும் நாளைக் குறித்துவைப்பேன். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், இந்த வாரம் ஒத்துவராத விடியல் அடுத்த வாரம் ஒத்துவரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு பலமாக இருக்கும். தண்ணீர் கலங்கவும் செய்யும். அரைநிலா நாட்களில் ஓட்டம் மந்தம். அப்போது அகலமான இடத்தை விட்டுவிட்டு, கால்வாய் குறுகும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

ஏன் விடியல்? வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் கரைந்திருக்கக்கூடிய கடல்நீர், 30 டிகிரியில் 6 சொச்சத்தைத்தான் தாங்கும். முன்கோடையில் முழங்கால் ஆழத் தண்ணீர் காலை பத்து மணிக்கே வெதுவெதுப்பாகிவிடும். பெரிய மீன் அங்கே நிற்காது. ஆழமான ஓடைக்கோ, பாலத் தூண் நிழலுக்கோ, அலையாத்தி வேர்களுக்கு அடியிலோ போய்விடும். பத்துக்கு மேலும் போட்டே தீர வேண்டும் என்றால் நிழலைப் பார்த்துப் போடுங்கள்.

எனக்குப் பிடித்த இடம், அலையாத்திக்குள்ளிருந்து சின்ன ஓடை வந்து பெரிய வாய்க்காலில் சேரும் முனை. வற்றத்தில் உள்ளே இருக்கும் மடவைக் குஞ்சும் இறாலும் வேறு வழியில்லாமல் அந்த வாய் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். கொடுவா, செப்பிலி மாதிரி வேட்டை மீன்கள் வாசலில் காத்திருக்கும். கலங்கலும் தெளிவும் உரசுகிற கோடு ஒன்று தெரியும். இரை அந்தக் கோட்டோடு மிதந்து போகிற மாதிரி, ஓட்டத்துக்கு மேல்பக்கம் நின்று எறியுங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். ஏழடி ராடு, 20 பவுண்டு இழுப்பு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), முனையில் ஒரு பாகம் (இரு கையையும் விரித்த அளவு) நீளத்துக்கு 40 பவுண்டு லீடர் (கொக்கியைக் கட்டும் தடித்த நரம்பு). லீடரை மட்டும் குறைக்காதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, மெல்லிய நரம்பை ஒரே தலையாட்டலில் அறுத்துவிடும். உயிர் இரைக்கு 3/0 அளவு சர்க்கிள் கொக்கி (முனை உள்பக்கமாக வளைந்தது).

இறாலைக் கோர்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஈரக்கையால் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். தலைக்குள் கருப்பாக ஒரு புள்ளி தெரியும். அதில் கொக்கி முனை பட்டால் அந்த நொடியே இறால் செத்துவிடும். புள்ளிக்கு முன்னால், கொம்புக்கு அடியில் இருக்கும் ஓட்டில் குறுக்கே குத்தி வெளியே எடுங்கள். சரியாகக் கோர்த்த இறால் தண்ணீருக்குள் கால்களைத் துழாவிக்கொண்டே போகும், அரைமணி நேரம்கூடத் தாங்கும். ஈயம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஓட்டம் அனுமதித்தால் நான் ஈயமே போடுவதில்லை.

கொடுவா கடித்தால் காதுக்கே தெரியும். தண்ணீர் மட்டத்தில் 'டப்' என்று கதவை அறைந்த மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் ராடைச் சுண்டி இழுக்கக் கை துடிக்கும். இழுக்காதீர்கள். சர்க்கிள் கொக்கியைச் சுண்டினால் அது வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை நிதானமாக ரீலைச் சுற்றினால் போதும், கொக்கி தானாகத் திரும்பி வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். இதைப் பழக எனக்கு நாலு நல்ல மீன்களின் இழப்பு தேவைப்பட்டது. நாலாவது எவ்வளவு பெரியது என்று இங்கே சொல்லப்போவதில்லை, நம்பமாட்டீர்கள்.

லூர் (செயற்கை இரை) போடுபவர்களுக்கு: வெளிச்சம் வரும்வரை நீர்மட்டத்தில் சத்தமிடும் பாப்பர், வெயில் ஏறியதும் 10 கிராம் ஜிக் தலையில் (ஈயம் வைத்த கொக்கி) ரப்பர் மீன். பாரை மீன் கூட்டம் மேலே கலக்கினால் வேகமாகச் சுற்றுங்கள். கொடுவாவுக்கு நிறுத்தி நிறுத்தி.

விடுகிற மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். சூடான தண்ணீரில் நீண்ட நேரம் போராடிய மீன் நீந்திப் போனாலும் பிழைப்பது கஷ்டம். தாடையில் தொங்கவிடாமல், வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தூக்குங்கள். கொடுவா ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டைக்காரிகள், அவற்றை நான் விட்டுவிடுவேன். குறைந்தபட்ச அளவு, தடைக்காலம் எல்லாம் இடத்துக்கு இடம் வேறு. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடங்கள், மணலுக்குள் கிடக்கும் திருக்கை விலகிப் போகும். கெளுத்தி மாட்டினால் இடுக்கியால் மட்டும் தொடுங்கள். அதன் முள் குத்திவிட்டால், தோல் தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் காயத்தை வைத்தால் வலி தணியும்; வீக்கம் கூடினால் மருத்துவரிடம் போங்கள். தூரத்தில் இடி கேட்டால் உடனே கிளம்புங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

வீட்டுக்கு வந்ததும் ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். காய்ந்த பிறகு டிராகைத் தளர்த்தி வையுங்கள். நான் இதைச் சோம்பல்பட்டு விட்ட ஒரே வாரத்தில்தான் அந்தப் புது ரீல் துருப்பிடித்து நின்றது.