கோப்பை ஜெயித்தும் பந்தயம் தோற்ற கதை: கால்பந்துக் கணிப்பில் நடக்கும் தவறுகள்

2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. 79 நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0 முன்னிலை. 80-வது நிமிடத்தில் எதிரணியான பிரான்ஸின் எம்பாப்பே பெனால்டியில் ஒரு கோல், அடுத்த நிமிடமே இன்னொன்று. 90 நிமிடம் முடிந்தபோது 2-2. கூடுதல் நேரத்தில் 3-3 ஆகி, பெனால்டி ஷூட் அவுட்டில் 4-2 என்று கோப்பை அர்ஜென்டினாவுக்குப் போனது.

ஆனால் வழக்கமான வெற்றி, டிரா, தோல்வி பந்தயத்தில் "அர்ஜென்டினா வெற்றி" என்று கட்டியவர்களின் பணம் போய்விட்டது. அந்தப் பந்தயம் 90 நிமிடத்தோடும், இடையில் நின்ற நேரத்துக்கு ஈடாகச் சேர்க்கும் இஞ்சுரி டைமோடும் முடிந்துவிடும். அதன் கணக்கில் அந்த ஆட்டம் டிரா. "கோப்பை யாருக்கு", "அடுத்த சுற்றுக்குப் போவது யார்" என்பவை தனிப் பந்தயங்கள். நாக் அவுட் ஆட்டத்தில் இந்த விதியைப் படிக்காமல் பணம் கட்டுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தவிர்க்க ஒரு நிமிடம் போதும் என்பதால்தான் மனம் பொறுக்கவில்லை.

அடுத்தது ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கட்டிய பணத்தையும் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற எண். ஒரு ஆட்டத்துக்கு பலமான அணி 1.50, டிரா 4.20, எதிரணி 7.00 என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ இந்த எண்களால் வகுத்துப் பாருங்கள்: 66.7, 23.8, 14.3. கூட்டினால் 104.8 வருகிறது. நூறைத் தாண்டிய அந்த 4.8-தான் பந்தய நிறுவனம் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும் லாபம். இது எல்லா ஆட்டத்திலும் உண்டு, அதனால்தான் நாள்பட விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் நஷ்டத்தில்தான் முடிகிறார்கள். 1.50-க்குக் கட்டுகிறவர், மூன்றில் இரண்டு முறைக்கு மேல் அந்த அணி ஜெயித்தால்தான் லாபம் பார்க்க முடியும். "இவங்கதான் ஜெயிப்பாங்க" என்ற நம்பிக்கை மட்டும் அதற்குப் போதாது. இப்படி ஐந்து அணிகளை ஒரே பந்தயத்தில் கோத்தால், ஐந்தும் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 13-தான். கிடைக்கப்போகும் பெரிய தொகை கண்ணில் படும் அளவுக்கு இது படுவதில்லை.

கணிப்பு எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, தொடர் வெற்றியை அப்படியே நம்புவது. அதே உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவுடன் மோதியபோது அர்ஜென்டினா 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்திருந்தது. மெஸ்ஸி 10-வது நிமிடத்திலேயே பெனால்டியில் கோல் போட்டார். ஆனால் சவூதி தடுப்பாட்டக்காரர்கள் கோலை விட்டு வெகுதூரம் முன்னேறி நின்றதால், முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடில் (பந்து தட்டப்படும்போதே தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்பது) செல்லாமல் போயின. இடைவேளை முடிந்து 48-வது நிமிடத்தில் ஒன்று, 53-வது நிமிடத்தில் ஒன்று. 2-1 என்று சவூதி ஜெயித்தது. 36 ஆட்டம் என்ற எண்ணில் எதிரணி எப்படி நிற்கும் என்பது தெரியாது. அதே சமயம், அந்த ஒரு தோல்வியை வைத்து அர்ஜென்டினாவைக் கைகழுவியவர்களும் தவறினார்கள். தேசிய அணிகள் ஆண்டுக்குச் சில ஆட்டங்களே ஆடுவதால், எந்தப் பக்கம் முடிவு கட்டவும் தகவல் கொஞ்சம்தான் இருக்கும்.

குழுச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் அணியின் பெயரைவிடப் புள்ளிப் பட்டியல் முக்கியம். அதே தொடரில் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தேறிவிட்ட பிரான்ஸ், ஒன்பது பேரை மாற்றி இறங்கி துனிசியாவிடம் 1-0 என்று தோற்றது. எம்பாப்பே பெஞ்சில் தொடங்கினார். ஆடும் பதினொருவர் பட்டியல் வரும்வரை காத்திருந்தவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

கடைசியாகப் பணம். அந்த உலகக் கோப்பையின் குழுச் சுற்றில் பல நாட்கள் ஒரே நாளில் நான்கு ஆட்டம், மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த ஆட்டத்தில் இரட்டிப்பாகக் கட்டத் தோன்றுவது அந்த இடைவெளியில்தான். தொடருக்கு இவ்வளவு, போனாலும் வீட்டுச் செலவு இடிக்காது என்ற தொகையை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். அது தீர்ந்த பிறகு மீதி ஆட்டங்களை வெறுமனே பாருங்கள். கடன் வாங்கியோ வீட்டுக்குத் தெரியாமலோ கட்டத் தொடங்கியிருந்தால், இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம். இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.