பழைய இன்ஜினுக்கு ஆயில் அடிட்டிவ்: ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரில் நீலப் புகை வரத் தொடங்கியதும், உதிரிபாகக் கடை அலமாரியில் இருக்கும், இன்ஜின் ஆயிலோடு கலந்து ஊற்றும் அடிட்டிவ் பாட்டில்கள்மீது நம் கண் போகிறது. ‘இன்ஜின் வேலை’ என்று மெக்கானிக் சொன்ன தொகைக்கு முன்னால் அந்தப் பாட்டிலின் விலை மிகச் சிறியது என்பதால், ஊற்றித்தான் பார்ப்போமே என்று தோன்றுவது இயல்பு. ஊற்றுவதில் தவறில்லை. ஆனால் எதற்காக ஊற்றுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தேய்ந்த உலோகத்தை எந்த அடிட்டிவும் திரும்ப வளர்க்காது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கும் ரிங்கைச் சுற்றி இறுகிய கரியைக் கரைப்பது, கெட்டியாகிப்போன ரப்பர் சீலைச் சற்று இளக்குவது, ஆயிலைத் தடிமனாக்குவது, உராய்வை ஓரளவு குறைப்பது ஆகியவையே அதனால் ஆகக்கூடியவை. உங்கள் இன்ஜினின் கோளாறு இவற்றுக்குள் அடங்குகிறதா என்று கண்டறிவதுதான் பாதி வேலை. எடுத்துக்காட்டாக, எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 3 லிட்டர் ஆயில் கொள்ளும் எளிய பெட்ரோல் இன்ஜின் என்பதால், புதியவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடையாது.

படி 1: ஆயில் எவ்வளவு குறைகிறது என்று அளவிடுங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் குறி வரை ஆயில் ஊற்றி, அன்றைய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் நிறுத்தி, மறுபடியும் மேல் குறியைத் தொடுவதற்கு எத்தனை மில்லிலிட்டர் தேவைப்பட்டது என்று அளவுக் குவளையால் ஊற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் காருக்கு முதல் முறை 450 மி.லி. தேவைப்பட்டது. இந்த எண் இல்லாமல் அடிட்டிவ் ஊற்றினால், அது வேலை செய்ததா என்பதைப் பிறகு நம் விருப்பம்தான் முடிவு செய்யும்.

படி 2: புகையையும் கசிவையும் பாருங்கள்

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் இயக்கியதும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து பிறகு அடங்கினால், வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது என்று கொள்ளலாம். ஆக்சிலரேட்டரை மிதித்து ஏற்றம் ஏறும்போதெல்லாம் நீலப் புகை வந்தால், சந்தேகம் பிஸ்டன் ரிங் மீது திரும்ப வேண்டும். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாக எரிவதைக் காட்டுவது. இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஆயில் அடிட்டிவால் பயனில்லை.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால், அதையே மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள்; எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். ஆனால் அந்த வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயோ பிசிவி வால்வோ அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் வெளியேறும் என்பதால், முதலில் அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சில வண்டிகளின் கோளாறு இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

படி 3: கம்ப்ரஷன் சோதனை

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் சோதனை இது. அதற்கான கேஜ் இல்லாதவர்கள் பணிமனையில் செய்து கொள்ளலாம். இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயில் இணைப்பை விடுவித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் ஐந்தாறு சுற்று கிராங்க் செய்து, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் குறிக்க வேண்டும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடே அதிகம் பேசும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக உயர்ந்தால், அந்த ஆயில் தற்காலிகமாக ரிங்கின் இடைவெளியை மூடியிருக்கிறது, ஆகவே குறை ரிங்கிலோ சிலிண்டரின் உட்சுவரிலோ இருக்கிறது. உயராவிட்டால் குறை வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. அதை எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது.

இன்ஜினின் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று அடிக்கும் சத்தம் வந்தாலோ, சூடான நிலையில் ஐடிலில் ஆயில் விளக்கு எரிந்தாலோ இதோடு நிறுத்திவிட்டு, வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பேரிங் தேய்ந்த இன்ஜினில் தடிமனான அடிட்டிவை ஊற்றினால் சத்தம் சில நாட்கள் அடங்கும். அந்த அமைதியை நம்பி ஓட்டினால், பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்ட் வரை போய்விடும்.

படி 4: கோளாறுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்

ரிங் கரியால் ஒட்டியிருக்கலாம் என்றால் சுத்திகரிப்பு வகை. ஆயில் சீல் வழியாக மெல்லிய ஈரக்கசிவு என்றால் ரப்பரை இளக்கும் சீல் கண்டிஷனர். சீல் கிழிந்திருந்தால் மாற்றுவது ஒன்றே வழி. உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்றவை தேய்மானத்தைத் தள்ளிப்போட உதவலாம், நடந்துவிட்ட தேய்மானத்தை மாற்றாது. இந்த வகையில் விளம்பரங்களை அளவோடு நம்புங்கள். டெஃப்லான் துகள் கலந்த ‘ஸ்லிக் 50’ தேய்மானத்தைப் பற்றிச் சொன்னவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996-இல் வழக்குத் தொடுத்து, 1997-இல் அது உடன்பாட்டில் முடிந்தது.

தடிமனாக்கும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. 20டபிள்யூ-40 என்ற தடிமன் கிரேடு ஆயில் ஊற்றும் பழைய இன்ஜினுக்கு, வெப்பமான ஊர்களில் அதைவிடத் தடிமனான 20டபிள்யூ-50 ஊற்றினாலே அந்தப் பயன் கிடைத்துவிடும். அந்த ஆயிலின் சேர்மானங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு தயாரிப்பாளரே கலந்திருப்பார். மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட புதிய இன்ஜின்களுக்கு இது பொருந்தாது; அங்கே கையேட்டில் அனுமதித்துள்ள கிரேடைத் தாண்ட வேண்டாம்.

இருசக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. கார்களுக்கான உராய்வுக் குறைப்பானை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். இத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரக்குறியுள்ள ஆயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: செய்முறை

எங்கள் காரில் ரிங் ஒட்டியிருக்கும் என்ற சந்தேகம் இருந்ததால், இளஞ்சூடான இன்ஜினில் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கரி நீக்கும் திரவத்தை 30 மி.லி. அளவு ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டோம். காலையில் பிளக் துளைகளைத் துணியால் மூடி, இக்னிஷன் இணைப்பு இல்லாமல் சில விநாடிகள் கிராங்க் செய்து எஞ்சிய திரவத்தை வெளியேற்றினோம். இதைத் தவிர்க்கவே கூடாது. திரவம் அமுங்காது என்பதால், உள்ளே தேங்கியிருக்கும்போது பிளக்கை மாட்டி இயக்கினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

பிறகு பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றிப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். வடிப்பதற்கு முன் பழைய ஆயிலில் உள்ளே படிந்த கசடைக் கழுவும் ஃப்ளஷ் திரவம் கலந்து பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவது வழக்கம். ஆனால் ஆயில் மூடிக்குள் தார்போலக் கசடு அப்பியிருந்தால் ஃப்ளஷ் வேண்டாம். ஒரே நேரத்தில் பெயர்ந்துவரும் கசடு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள வடிகட்டியை அடைத்து, ஆயில் ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். அத்தகைய இன்ஜினுக்கு 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று இரண்டு மூன்று முறை நல்ல ஆயிலை மாற்றினால், கசடு மெல்ல மெல்ல வெளியேறும்.

புதிய ஆயிலோடு அடிட்டிவ் சேர்ப்பதானால், அதன் அளவுக்கு ஆயிலைக் குறைத்து ஊற்றுங்கள். 300 மி.லி. அடிட்டிவ் என்றால், மொத்தம் 3 லிட்டர் கொள்ளும் இன்ஜினுக்கு 2.7 லிட்டர் ஆயில் போதும். மேல் குறியைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். இரண்டு அடிட்டிவ்களை ஒன்றாகக் கலக்காதீர்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

படி 6: மறுபடியும் நோட்டைத் திறங்கள்

முதல் 300 கிலோமீட்டர் வரை சற்று அதிகமாகப் புகை வரலாம். அந்த நாட்களில் டிப்ஸ்டிக்கைத் தினமும் பாருங்கள். சீல் கண்டிஷனர் பலன் தரச் சில நூறு கிலோமீட்டர் பிடிக்கும். 1,000 கிலோமீட்டரிலும் 2,000 கிலோமீட்டரிலும் படி 1-இல் செய்ததுபோலவே அளவெடுத்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். குறையவே இல்லை என்றால் அடுத்த பாட்டிலை வாங்காமல் அந்தப் பணத்தை ரிங் வேலைக்குச் சேர்த்துவையுங்கள்.

எங்கள் காரில் 450 மி.லி. என்பது 2,000 கிலோமீட்டருக்குப் பிறகு 280 மி.லி. ஆனது. ஏற்றத்தில் வந்த புகை நின்றது. காலைப் புகை நிற்கவில்லை. அது வால்வு சீல் என்று முன்பே குறித்திருந்ததால் மேற்கொண்டு எதையும் ஊற்றாமல் சீல்களை மாற்றச் சொன்னோம். பல இன்ஜின்களைப் போலவே இதிலும் ஹெட்டைக் கழற்றாமல், சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வுகளைத் தாங்கிப் பிடித்தபடியே மெக்கானிக் அந்த வேலையை முடித்தார். நோட்டின் கடைசி வரி 1,000 கிலோமீட்டருக்கு 120 மி.லி. என்று இருக்கிறது.