பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களை இளையவர்களுக்குக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இதைப் பார்க்காமல் சினிமா பற்றிப் பேசவே கூடாது" என்று சொல்லி இருபது வயதுக்காரர் ஒருவரை உட்கார வைத்தால், அவர் படத்தை ரசிக்க மாட்டார். நீங்கள் சொன்னது சரிதானா என்று சோதித்துக்கொண்டிருப்பார். "இதையெல்லாம் முதலில் செய்த படம்" என்ற வாதமும் எடுபடாது. 1982இல் 'பிளேட் ரன்னர்' காட்டிய மழையும் நியான் வெளிச்சமுமான நகரத்தை, அதற்குப் பின்னால் வந்த அனிமேக்களிலும் வீடியோ கேம்களிலும் பார்த்தே அவர் வளர்ந்திருக்கிறார். மூலத்தைக் கடைசியாகப் பார்ப்பவருக்கு அதுதான் நகல் மாதிரி தெரியும். அதை ரசனைக் குறைவு என்று சொல்வது அநியாயம்.

அடுத்தது, எந்தப் பதிப்பு என்று கவனிக்காமல் போடுவது. 'பிளேட் ரன்னர்' முதலில் நாயகனின் பின்னணிக் குரலோடு வந்தது. அந்தக் குரலை எடுத்துவிட்டு, இயக்குநர் ரிட்லி ஸ்காட் தன் விருப்பப்படி முடித்த 2007 பதிப்பே நல்ல தொடக்கம். 'காட்ஜில்லா'வில் வித்தியாசம் இன்னும் பெரிது. 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதித்தபோது ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று கதிர்வீச்சில் சிக்கியது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான படம், கடலில் திடீர் ஒளி எழுந்து ஒரு கப்பல் அழிவதோடு தொடங்குகிறது. 1956 அமெரிக்கப் பதிப்போ நடுவில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரைச் செருகி, அணுகுண்டுப் பேச்சையும் குறைத்துவிட்டது. அதை மட்டும் பார்த்தவருக்கு ரப்பர் உடை அணிந்த மனிதர் பொம்மைக் கட்டடங்களை மிதிப்பதுதான் மிஞ்சும். ஜப்பானியப் பதிப்பைப் போடுங்கள், படகின் கதையை முன்னாலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். படம் ஓடும்போது விளக்கவுரை வேண்டாம்.

"மெதுவாகப் போகிறது" என்று அவர் சொன்னால், "இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே இல்லை" என்று பாய்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968 ஏப்ரலில் வந்தபோது முதல் திரையிடலிலேயே பலர் எழுந்து போனார்கள். இயக்குநர் குப்ரிக்கே சுமார் 19 நிமிடங்களை வெட்டினார். பிறகு அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் அன்றைய இளைஞர்கள்தான்! தொடக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் வசனமே கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கிடைக்கும் திரைகளில் பெரியதில் காட்டுங்கள். கைபேசியில் அந்தப் படம் பாதிகூட இல்லை.

இளையவர்களும் ஒன்றைத் தவிர்க்கலாம்: சொன்னது பலித்ததா என்று மதிப்பெண் போடுவது. 2001ஆம் ஆண்டு வந்து போய்விட்டது, வியாழனுக்கு யாரும் போகவில்லை, உண்மைதான். ஆனால் மனிதர் நிலவில் கால் வைக்க ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே எடுத்த படம் அது. விண்கலத்துக்குள் விண்வெளி வீரர் வட்டமாகச் சுற்றி ஓடும் காட்சிக்காக ராட்சதச் சக்கரம் போன்ற செட்டையே கட்டிச் சுழற்றினார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் "கிராஃபிக்ஸ் சுமார்" என்று சொல்ல மனம் வராது.

பழைய படங்களில் பெண்களுக்குத் தந்திருக்கும் இடம் பல நேரம் மோசம். அவர் அதைச் சுட்டிக்காட்டினால் ஒப்புக்கொள்ளுங்கள், சப்பைக்கட்டு கட்ட வேண்டாம்.

முதலில் எதைக் காட்டலாம் என்றால், என் தேர்வு 1979இல் வந்த 'ஏலியன்'. அதன் பயம் இன்றும் வேலை செய்கிறது, முன்னுரை தேவைப்படாது. அப்புறம் 'காட்ஜில்லா', அதற்கும் பிறகு '2001'. இடையில் அவர் சிபாரிசு செய்யும் புதுப் படம் ஒன்றையும் முழுதாக உட்கார்ந்து பாருங்கள்.