கொழிஞ்சாம்பாறை மேடைக்குப் பத்து நிமிடக் காமெடி தயார் செய்வது எப்படி

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் மேடை ஏறத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. மாரியம்மன் கோவில் பொங்கல், ஓணம், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங் நடக்கும்போது சின்னச் சின்ன வேடங்களும் செய்திருக்கிறேன். ‘எப்படிண்ணா ஆரம்பிக்கிறது?’ என்று கேட்கும் நம் ஊர்த் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னை ஸ்டாண்டப் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே எடுபடாது. நம் கூட்டம் வேறு.

வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம், எங்கே போனாலும் பாருங்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள். நடுவில் விழாவுக்காகப் பொள்ளாச்சியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், அவர்களுக்கு மலையாளம் அரைகுறை. ஓரத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த மலையாளிகள். மூன்று பேரையும் ஒரே வரி தொட வேண்டும். என் மூன்றாவது வருடத்தில் ஒரு கோவில் மேடையில் பத்து நிமிடமும் மலையாள நடிகர்களின் குரலை மட்டுமே செய்தேன். முன்வரிசை சிரித்தது. நடுவில் இருந்த பாட்டிகள் எழுந்து கடலை வாங்கப் போய்விட்டார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். நீங்களும் வாங்குங்கள். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலித்து, பொருள் மட்டும் மாறுகிற சொற்களை அதில் எழுதுங்கள். வெள்ளம் நமக்கு ஆற்றில் வருவது, அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர். பனி நமக்கு மார்கழிக் காலையில் பெய்வது, அவர்களுக்குக் காய்ச்சல். அவசரம் அவர்களுக்கு வாய்ப்பு. எல்லைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

‘அவசரம்’ எனக்கு எப்படி ஒரு பிட், அதாவது ஒரு சின்னக் காமெடித் துண்டு ஆனது என்று சொல்கிறேன். மலையாளி நண்பன் ஒருவன் பொள்ளாச்சி ஷூட்டிங்குக்குப் போகிறான். டைரக்டரிடம் தமிழில் பேசுவதாக நினைத்து, ‘சார், எனக்கு ஒரு அவசரம் வேணும்’ என்கிறான். அவர் தென்னந்தோப்பைக் கைகாட்டி, ‘அந்தப் பக்கம் போயிட்டு வாப்பா’ என்கிறார். இவன் போய்த் திரும்பி வந்து, ‘சார், அங்கே யாரும் அவசரம் தரலை.’ அடுத்து, ‘பத்து வருஷமா ஒரு அவசரத்துக்காகக் காத்திருக்கேன் சார்.’ டைரக்டர் பதறிப்போய், ‘டாக்டரைப் பாருப்பா!’

முதலில் இது நான்கு நிமிடம் ஓடியது. பொள்ளாச்சிக்காரர்களுக்காக நானே நடுவில் நின்று பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கினால் சிரிப்பு செத்துப்போகும். அதனால் முன்னால் ஒரு சின்னக் காட்சி வைத்தேன்: நண்பனின் அம்மா விளக்கேற்றி, ‘என்டெ மோனு சினிமயில் ஒரு அவசரம் கிட்டணே’ என்று கும்பிடுகிறார். பொருள் தானாகப் புரிந்துவிடுகிறது. மற்றதை வெட்டி ஒன்றரை நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். இன்னொன்று, சிரிப்பு எந்தச் சொல்லில் வெடிக்கிறதோ அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். அடுத்த வரியைச் சிரிப்பு இறங்கத் தொடங்கும்போது எடுங்கள், முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு பக்கத்தை மட்டும் முட்டாளாக்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். மறுநாள் டீக்கடையில் அதே ஆட்களோடுதான் நிற்கப்போகிறோம். அதனால் இதற்கு அடுத்து எப்போதும் நம் ஆளை மலையாள டாக்டரிடம் அனுப்புவேன். அவர் ‘பனியுண்டோ?’ என்று கேட்பார். இவர், ‘காலையிலே நிறைய இருந்துச்சு சார், இப்போ வெயில் வந்துடுச்சு’ என்பார். இதற்கு வரும் கைதட்டு மூன்று பக்கமும் சேர்ந்து வரும்.

மேடை விஷயங்கள். செண்டை மேளம் முடிந்த உடனே ஏற வேண்டியிருந்தால் முதல் அரை நிமிடம் பேசாதீர்கள், எல்லோருக்கும் காது அடைத்திருக்கும். நடந்து காட்டுங்கள், முகத்தில் செய்யுங்கள். மைக்செட்காரரிடம் முன்பே போய் ‘எக்கோவை எடுத்துடுங்கண்ணா’ என்று கேளுங்கள். பாட்டுக்கு அது அழகு, காமெடியில் கடைசிச் சொல்லைத் தின்றுவிடும். ஒலிபெருக்கி விதிப்படி இரவு 10 மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும். நிகழ்ச்சி தாமதமானால் வெட்டு விழுவது நம் நேரத்தில்தான். ஐந்து நிமிடத்திலும் முடிக்கத் தெரிய வேண்டும். அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்க வேண்டாம்.

சரி, மிமிக்ரி வேண்டாமா? வேண்டும். கேரளத்தில் தனி ஆள் வித்தையாக இருந்ததை ஒரு குழு நிகழ்ச்சியாக்கி 1981-ல் மேடையேற்றியது கொச்சியின் கலாபவன் என்ற கலைக்குழு. ஜெயராம், கலாபவன் மணி எல்லாம் அந்த மேடை கொடுத்த நடிகர்கள். மணி சாலக்குடியில் ஆட்டோ ஓட்டியவர். 2002-ல் ஜெமினி படத்தில் மிருகங்களின் குரலையும் சேட்டையையும் வில்லனுக்குக் கொடுத்தார். தமிழ்நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. கவனித்துப் பாருங்கள், அதில் அவர் இன்னொரு நடிகரைப் போலச் செய்யவில்லை, தன் தொண்டையை ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்தார். நீங்களும் நடிகர்களின் குரலை இரண்டு நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, உங்கள் ஊர் பஸ் கண்டக்டர், கள்ளுக்கடைக்காரர், மாட்டுத்தரகர் ஆகியோரின் பேச்சைப் பிடியுங்கள்.

கேமரா முன்னால் போகும்போது மேடைப் பழக்கம் கொஞ்சம் தடுக்கும். மேடையில் கடைசி வரிசைக்காகக் கையை வீசியிருப்போம், அங்கே கேமரா மூன்றடியில் இருக்கும். குரலைப் பாதியாக்குங்கள். சிரிப்புக்காக நிறுத்தி நிறுத்திப் பேசாதீர்கள், அங்கே சிரிக்க யாரும் இல்லை. நம் பேச்சில் வரும் பாலக்காட்டு இழுப்பை மறைக்கவும் வேண்டாம். எனக்குக் கிடைத்த முதல் வேடமே அந்த இழுப்புக்காகத்தான், செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தும் ஆள். ஆடிஷனுக்கு என்று ஒரு நிமிட வீடியோ இரண்டு எடுத்து வையுங்கள், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. காலை வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால், போனைக் குறுக்காக வைத்து எடுத்தால் போதும்.