பள்ளிக்கரணையில் வேனிற்காலப் பறவைகளைக் காணச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் புதிதாகக் கேமரா வாங்கிய இளைஞர்கள் சிலரைக் கண்டேன். அவர்கள் செய்த பிழைகள் அனைத்தும் என் தொடக்க நாட்களில் நானே செய்தவை என்பதால் இதை எழுதுகிறேன். பளிச்சிடும் சட்டை கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்பவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடலாம்.

மாசியோடு பருவம் முடிந்ததென்று எண்ணுவது

வலசை வாத்துகள் கிளம்பத் தொடங்கியதும் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் குளிர்காலம் முழுதும் சாம்பல் பழுப்பாக நின்ற கருவால் மூக்கன் என்னும் வலசைக் கரைப்பறவையின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாறுவதை, அது வடக்கே புறப்படுவதற்கு முந்தைய இந்தச் சில வாரங்களில்தான் இங்கே காண முடியும்.

மடையானைப் புதுப்பறவை என்று குறித்துக்கொள்வது

இனப்பெருக்கக் காலத்தில் மடையான் என்னும் குளத்துக் கொக்கின் முதுகு அரக்குச் சிவப்பாகிவிடும்; உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் கொள்ளும். அலகையும் நிற்கும் தோரணையையும் பார்த்துவிட்டுப் பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

ஆள்காட்டியின் கூச்சலைத் தொடர்ந்து போவது

இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். சிவப்புமூக்கு ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. தண்ணீருக்கு அருகே காய்ந்த தரையில் சிறு குழி பறித்து, ஓரத்தில் கூழாங்கற்களைச் சேர்த்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்ணிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் அவற்றை இரண்டடி தூரத்திலிருந்தும் கண்டுகொள்வது கடினம். நாம் நடக்கத் தேர்ந்தெடுக்கும் கரையும் அதே காய்ந்த தரைதான். பெருங்குடிக் குப்பைமேடும் ரேடியல் சாலையும் கட்டடங்களும் விழுங்கியது போக எஞ்சிய நிலம் இது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டதால் மட்டும் ஒரு முட்டை காலடியிலிருந்து தப்பிவிடாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதக் காலையில், என் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திய ஆள்காட்டியை, நல்ல படம் கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சியில், இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி ஒரு காகம் இறங்கித் தரையைக் கொத்தியபோதுதான் அங்கே முட்டைகள் இருந்தன என்பதே எனக்குத் தெரிந்தது. அலகைத் திறந்து அலறும் அந்தப் பறவையின் படத்தைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அதை நான் மீண்டும் யாருக்கும் காட்டவில்லை.

காகம் வராவிட்டாலும் வெயில் இருக்கிறது. சென்னையின் சித்திரை வெயிலில் தாய்ப்பறவை முட்டைகளுக்கு நிழலாக நிற்கிறது. வயிற்றிறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கிறது. நாம் அதை விரட்டி நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே வளரும் கரு சூடேறுகிறது. நெடுங்கால் உள்ளான் சிறகொடிந்தது போல் தரையில் துடித்தாலும், அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்பதே பொருள். அடிபட்ட பறவை என்று இரக்கப்பட்டு அதன் பின்னால் போகாதீர்கள்.

கூச்சல் கேட்டால் உடனே நில்லுங்கள். காலடியைப் பாருங்கள். வந்த தடத்திலேயே திரும்பி, தொலைவிலிருந்து பைனாகுலரில் கவனியுங்கள். ஆள்காட்டி சற்று எட்ட இறங்கி, இரை பொறுக்குவதுபோல் நின்று நின்று நடந்து, கடைசியில் வயிற்றிறகுகளை விரித்து முட்டைகளின் மேல் மெல்ல அமரும். நான் எடுத்த எந்தப் படத்தையும்விட அது பார்க்க அழகானது.

கூட்டின் இடத்தைப் பகிர்வது

குஞ்சுகள் பறக்கும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பூநாரைக்காக மட்டும் வருவது

அது இல்லாத நாளிலும் அரை மணி நேரமாவது நின்று பாருங்கள். நீலத் தாழைக்கோழி கோரைப்புல்லைக் காலால் பிடித்துத் தின்பதைக் காண அவ்வளவு நேரமே போதும்.