தீவனத்தில் புரோபயோட்டிக் கலப்பது எப்படி: முதலில் கஞ்சியை ஆற விடுங்கள்

மீனின் குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிரிப் பொடிதான் புரோபயோட்டிக். அதை முதன்முதலாக வாங்கியபோது, தண்ணீரில் கரைத்துத் தீவனத்தின் மேல் தெளித்து, அப்படியே குட்டையில் வீசினேன். விழுந்த இடமெல்லாம் பால் கொட்டினாற்போல் வெள்ளை படர்ந்தது. என் திலேப்பியா தின்றது வெறும் தீவனம்தான், காசு தண்ணீரில் போயிற்று. அதனால் இங்கே பாதிக்கு மேல் ஒட்டவைப்பது பற்றித்தான் எழுதப்போகிறேன்.

டப்பா வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். தண்ணீரிலும் சேற்றிலும் போடுவது வேறு, தீவனத்தில் கலப்பது வேறு. நுண்ணுயிரியின் பெயரும், கிராமுக்கு எத்தனை சி.எஃப்.யூ. (உயிரோடுள்ள நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை) என்பதும் இல்லாத டப்பாவை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டேன். நான் பாசில்லஸ் என்ற பாக்டீரியா வகையின் கட்சி. பாசில்லஸ் சப்டிலிஸ், லைக்கனிஃபார்மிஸ் இரண்டும் கெட்டி ஓடு போட்ட வித்தாக உறங்குவதால் கொட்டகைச் சூட்டைத் தாங்கும். லாக்டோபேசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியா வகைக்கு அந்தத் தெம்பு கிடையாது.

சரி, கணக்கு. வீச்சு வலையில் விழுந்த மீன்களை நிறுத்தேன், சராசரி 200 கிராம். 1000 மீனுக்கு 200 கிலோ. எடையில் 3 சதவீதம் தீவனம் என்றால் நாளைக்கு 6 கிலோ. கிலோவுக்கு 5 கிராம் வீதம் 30 கிராம் பொடி. கிராமுக்கு 100 கோடி உள்ள பொடியானால், ஒரு கிராம் தீவனத்தில் 50 லட்சம் ஏறும். உங்கள் டப்பாவில் எண் வேறானால் அளவையும் மாற்றுங்கள்.

இப்போது கஞ்சி. மரவள்ளி மாவில் 300 மில்லி, நீர்க்கக் காய்ச்சுங்கள். குளோரின் வாடை உள்ள குழாய்த்தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீர் போதும். அப்புறம் ஆற விடுங்கள், விரலை விட்டால் சூடே தெரியக்கூடாது. இரண்டாவது முறை நான் அவசரப்பட்டுக் கொதிகஞ்சியில் பொடியைக் கொட்டினேன். அந்த டப்பாவில் லாக்டோபேசில்லஸும் இருந்தது. அதைச் சமைத்துத்தான் மீனுக்குப் போட்டிருக்கிறேன்!

ஆறிய கஞ்சியில் பொடியைக் கரைத்து, தார்ப்பாயில் பரப்பிய தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டுங்கள். பிசையாதீர்கள், குருணை உடைந்து தூளாகிவிடும். நிழலில் 20 நிமிடம் உலர்ந்தபின் 60 மில்லி தவிட்டு எண்ணெய் விட்டு இன்னொரு புரட்டு. கடையில் விற்கும் ஒட்டும் ஜெல்லும் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு அந்த விலை அதிகம்.

ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் குட்டைத் தண்ணீர் ஊற்றிப் போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் தெளிவாக நின்றால் வீசலாம். கலங்கினால் அடுத்த முறை கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக்குங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர் ஒரு வாரத்துக்கு மொத்தமாகக் கலந்து மூட்டை கட்டி வைத்தாராம், மூன்றாம் நாள் பூசணம். அன்றன்றைக்குக் கலந்து அன்றே போடுங்கள். இன்னொருவர் ஆன்டிபயாட்டிக் மருந்தையும் இதையும் ஒரே தீவனத்தில் கலந்திருக்கிறார். அந்த மருந்து இந்த நுண்ணுயிரியையும் சேர்த்துக் கொல்லும். மூன்றாமவருக்கு விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதாம். அது ஆக்சிஜன் பற்றாக்குறை, அண்ணே. டப்பாவை மூடி வைத்துவிட்டு, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போடுங்கள்.